வரத்துக்கால் பிரியும் இடமும் கடல் எல்லையும்

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று என்னைப் பேசச் சொன்ன தலைப்பு, பத்தாம் வகுப்புக் குடிமையியலில் வரும் இந்தியாவின் சர்வதேச உறவுகள். பாடத்தை வரிக்கு வரி நடத்தப் போவதில்லை. அந்தப் பாடத்தில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லி, அதைத் திருத்திக்கொள்ள உதவிய ஒரு கோட்பாட்டைச் சொல்கிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன், எழுந்து போய்விடாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அலகுத் தேர்வில் ஒரு கேள்வி கேட்டேன். தமிழக மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்படுவதற்குக் காரணம் என்ன? நான் எதிர்பார்த்த பதில் கச்சத்தீவு, 1974 ஒப்பந்தம், 1976 ஒப்பந்தம். ஒரு மாணவன் இதில் எதையும் எழுதவில்லை. அவன் எழுதியது இதுதான்: "போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. போனால் பிடித்தாலும் பிடிப்பார்கள், விட்டாலும் விடுவார்கள். நம் படகு போகாவிட்டாலும் பக்கத்துப் படகு போகும். அதனால் போகிறார்கள்." ஐந்துக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவனுடைய தாய்மாமா கடற்கரையில் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்.

அந்தப் பையன் எழுதிய நான்கு வரிகளுக்கு உலகப் பல்கலைக்கழகங்களில் ஒரு பெயர் உண்டு. பகுத்தறிவுத் தெரிவுக் கோட்பாடு என்பார்கள். இதில் 'பகுத்தறிவு' என்ற சொல் நம்மைக் கொஞ்சம் குழப்பும். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பெரியார் நினைவுக்கு வருவார். இங்கே பொருள் அதுவல்ல. ஒருவருக்கு வேண்டியவை என்னென்ன, அவற்றில் எது முதலில், எது அடுத்து என்று ஒரு வரிசை இருக்கிறது. கையில் இருக்கும் வழிகளில், அந்த வரிசைப்படி தனக்கு அதிகம் கிடைக்கச் செய்யும் வழியை அவர் தேர்ந்தெடுக்கிறார். அவ்வளவுதான். அவர் நல்லவரா கெட்டவரா, அவர் விரும்புவது சரியா தவறா என்று இந்தக் கோட்பாடு கேட்பதில்லை.

புதிதாகத் தோன்றினாலும் இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஓர் அரசன் இறங்குமுன் வரவு செலவையும், தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடை போடச் சொல்லும் பகுதி அது. இருபதாம் நூற்றாண்டில் இதைக் கணக்காக மாற்றினார்கள். 1944இல் ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மோர்கன்ஸ்டெர்னும் எழுதிய நூல் ஆட்டக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டது. என் முடிவின் பலன் என் கையில் மட்டும் இல்லை, எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்பதையும் பொறுத்தது என்பதே அதன் சாரம். 1960இல் தாமஸ் ஷெல்லிங் அதை அணு ஆயுத மிரட்டல் வரை கொண்டுபோனார். 2005இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஊர்ப் பக்கமே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மானாவாரியும் கண்மாயும்தான் பிழைப்பு. குண்டாற்றில் என்றைக்கு வெள்ளம் வரும், எத்தனை நாள் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. ஒரே வரத்துக்கால் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஊர்க் கண்மாய்களுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரியும் இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாக நாலு மணல்மூட்டையைப் போட்டால் தண்ணீர் நம் பக்கம் திரும்பும்.

கரும்பலகையில் நான்கு கட்டம் போடுங்கள். நாம் மூட்டை போட்டு அவர்கள் சும்மா இருந்தால் நமக்கு 4. இரண்டு ஊரும் போடாமல் இருந்தால் ஆளுக்கு 3. இரண்டு ஊரும் போட்டால் கரை உடைந்து தண்ணீர் ஓடையில் போகும், ஆளுக்கு 2. அவர்கள் போட்டு நாம் சும்மா இருந்தால் நமக்கு 1. இப்போது பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் போடவில்லை என்றால் நமக்கு எது நல்லது? போடுவது, மூன்றுக்குப் பதில் நான்கு. அவர்கள் போட்டால்? அப்போதும் போடுவது, ஒன்றுக்குப் பதில் இரண்டு. எப்படிப் பார்த்தாலும் போடுவதே லாபம். எதிர் ஊரும் இதே கணக்கைத்தான் போடும். முடிவில் இரண்டு ஊருக்கும் 2. கை நீட்டினால் கிடைத்திருக்கும் 3 இரண்டு பேருக்கும் இல்லாமல் போகிறது.

புத்தகங்களில் இதைக் கைதிகளின் இக்கட்டு என்று சொல்வார்கள். இதில் நாம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது ஒன்றுதான். இங்கே யாரும் முட்டாள் இல்லை, யாரும் கொடியவரும் இல்லை. ஒவ்வொருவரும் தனக்குச் சரியானதைச் செய்ய, எல்லாருக்கும் கெட்டது நடக்கிறது.

ஊர்ச் சண்டை முற்றினால் தாசில்தார் வருவார், காவல் நிலையம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. நாடுகளுக்கு மேலே அப்படி ஒரு தாசில்தார் இல்லை. ஐக்கிய நாடுகள் சபை உண்டு, சர்வதேச நீதிமன்றம் உண்டு. ஆனால் ஒரு நாட்டின் வாசலில் வந்து நின்று தீர்ப்பை நிறைவேற்றும் காவலர் கிடையாது. சர்வதேச உறவுகள் என்ற பாடம் தனிப் பாடமாக இருப்பதற்கே இதுதான் காரணம்.

இப்போது பாக் விரிகுடாவுக்குப் போவோம். நம் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை, ஆனால் பக்கத்து மாவட்டம் முழுக்கக் கடலோரம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கி.மீ. தான். இரு கரையிலும் பேசுவது தமிழ். 1974 ஜூனில் கையெழுத்தான ஒப்பந்தம் பாக் நீரிணைப் பகுதியில் எல்லைக்கோடு போட்டது, கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுத்தார்கள். அப்போது பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றன. மீனுக்கு அந்தக் கோடு தெரியாது.

இடையில் நம் கரையில் விசைப்படகுகள் பெருகின. இழுவைமடி கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு போகும் வலை. குஞ்சும் முட்டையும் சேர்ந்து வரும். மறு கரையில் 1983 முதல் 2009 வரை போர். வட இலங்கை மீனவர்கள் பெரும்பாலான காலம் கடலுக்குள் போகவே முடியவில்லை. அந்த ஆண்டுகளில் நம் படகுகள் அங்கே போய்ப் பழகின. போர் முடிந்ததும் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் சிறு படகோடும் சிறு வலையோடும் திரும்பி வந்தார்கள். இழுவைமடி அவர்கள் வலையை அறுத்தது. 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது.

இப்போது அந்த மாணவனின் விடையைத் திரும்பப் படியுங்கள். போகாவிட்டால் கூலி இல்லை: இது நிச்சயமான இழப்பு. பிடித்தாலும் பிடிப்பார்கள், விட்டாலும் விடுவார்கள்: இது நிச்சயமில்லாத இழப்பு. நான் போகாவிட்டாலும் பக்கத்துப் படகு போகும்: எனவே நான் மட்டும் நிறுத்தினால் மீன் பெருகாது, என் வீடுதான் பட்டினி. வரத்துக்கால் கணக்கேதான். மறு கரையில் இருப்பவரும் தன் கணக்கில் தவறு செய்யவில்லை. விட்டுவிட்டால் வலையும் போகும், கடலும் போகும். எனவே கைது செய்யும்படி தன் அரசை வற்புறுத்துகிறார். இரண்டு பக்கமும் ஏழைகள். இரண்டு பக்கமும் தத்தம் கணக்கில் சரி. ஆனால் கடல் தேய்கிறது, சிறை நிரம்புகிறது.

நான் வகுப்பில் இதுவரை என்ன செய்தேன்? எங்கள் பக்கம் நல்லவர், அந்தப் பக்கம் கெட்டவர் என்று நடத்தினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் அந்தக் கைதட்டலில் பாடம் எதுவும் இல்லை. எதிரியின் மனசு கெட்டது என்று சொல்லிவிட்டால் அடுத்துச் செய்ய ஒன்றுமே இல்லாமல் போகிறது. கணக்கு இப்படி இருக்கிறது என்று கண்டுபிடித்தால், கணக்கை எங்கே மாற்றலாம் என்று கேட்க முடியும்.

அதற்குத்தான் விளையாட்டு. நாலு பிள்ளைகள், ஒரு கிண்ணம், 20 புளியங்கொட்டை. ஒரு சுற்றில் ஒருவர் அதிகபட்சம் 5 எடுக்கலாம். எத்தனை எடுப்பது என்று பேசாமல் சீட்டில் எழுதித் தர வேண்டும். சுற்று முடிந்ததும் கிண்ணத்தில் மிச்சம் இருப்பதை ஆசிரியர் இரட்டிப்பாக்குவார், ஆனால் 20க்கு மேல் போகக் கூடாது. கிண்ணம்தான் கடல், கொட்டைதான் மீன்.

முதல் தடவை ஆளுக்கு 5 என்று எழுதினார்கள். ஒரே சுற்றில் கிண்ணம் காலி. ஆளுக்கு 5 கொட்டையோடு ஆட்டம் முடிந்தது. ஆளுக்கு 2 எடுத்திருந்தால் மிச்சம் 12, அது இரட்டிப்பாகி மறுபடி 20. ஆறு சுற்று ஆடினால் ஆளுக்கு 12. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவார்கள். பெருக்கலும் வகுத்தலும் கூடவே வந்துவிடும்.

இரண்டாம் தடவை பேச அனுமதித்தேன். யார் எத்தனை எடுத்தார் என்பதையும் சுற்றுக்குச் சுற்று பலகையில் எழுதினேன். மொத்தம் 10 எடுத்தால்கூடக் கிண்ணம் நிரம்பும் என்று ஒரு பெண் கண்டுபிடித்தாள். பத்தை நாலு பேருக்குச் சமமாகப் பிரிக்க முடியாது, இரண்டு பேருக்கு 3, இரண்டு பேருக்கு 2. யாருக்கு 3? கொஞ்ச நேரம் சத்தம். பிறகு அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள், இந்தச் சுற்றில் உனக்கு, அடுத்த சுற்றில் எனக்கு. கண்மாய்த் தண்ணீருக்கு ஊர் பெரியவர்கள் முறை வைப்பதை அந்தப் பிள்ளைகள் பார்த்தே வளர்ந்தவர்கள். சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் தடவை, ஆறாவது சுற்றோடு ஆட்டம் முடியும் என்று முன்கூட்டியே சொன்னேன். ஆறாவது சுற்றில் எல்லாரும் 5 எழுதினார்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்து ஆடிய குழு, கடைசியில் எப்படியும் ஏமாற்றுவார்கள் என்று ஐந்தாவது சுற்றிலேயே கை வைத்தது. நாளை இல்லை என்றால் இன்றைக்கு ஒழுங்காக இருக்க யாருக்கும் காரணம் இல்லை.

இந்த மூன்று ஆட்டமும் ஆராய்ச்சியாளர்கள் கண்டவற்றின் சிறு வடிவம்தான். ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அரசியல் அறிஞர் இதே இக்கட்டைத் திரும்பத் திரும்ப ஆடும் கணினி நிரல்களுக்குப் போட்டி வைத்தார். பல துறை வல்லுநர்கள் நிரல் அனுப்பினார்கள். வென்றது மிகச் சிறிய நிரல், அனடோல் ராப்பபோர்ட் அனுப்பியது. முதலில் ஒத்துழை, பிறகு எதிரே இருப்பவர் போன தடவை செய்ததைச் செய். அவ்வளவுதான் அதன் விதி. தானாக முதலில் ஏமாற்றாது, ஏமாற்றினால் சும்மாவும் விடாது, திருந்தினால் பழையதை மனதில் வைக்காது. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் பாசன வாய்க்கால், மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர் என்று பொதுச் சொத்துகளை ஊர் ஊராக ஆராய்ந்தார். மக்கள் தாங்களே விதி வகுத்து, தாங்களே கண்காணித்து, தவறுக்குச் சிறிய தண்டனையில் தொடங்கும் இடங்களில் பொதுச் சொத்து அழியாமல் நிற்பதைக் காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

நாடுகளுக்கும் இது பொருந்துமா? 1960 செப்டம்பரில் நேருவும் அயூப் கானும் கராச்சியில் சிந்து நதி நீர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நடுவில் உலக வங்கி நின்றது. யாருக்கு எந்த ஆறு என்பது தெளிவு, நீர் அளவு விவரங்களைப் பரிமாற வேண்டும், இரு நாட்டு ஆணையர்கள் சந்திக்க வேண்டும். 1965, 1971 போர்களிலும் அது நின்றது. பகல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்தி வைத்தது. நண்பர்களாக இல்லாதவர்களும் கணக்குச் சரியாக இருந்தால் பல பத்தாண்டுகள் ஒத்துழைக்கலாம், நாளையைப் பற்றிய நம்பிக்கை போனால் பழைய ஒப்பந்தமும் ஆடிப்போகும். இரண்டையும் அந்த ஒரே ஒப்பந்தத்தில் காட்டலாம்.

பாக் விரிகுடாவிலேயே முறை வைத்து வென்ற கதை உண்டு. நம் கரையில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் ஒரு காலத்தில் கடும் மோதல். பிறகு வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று ஏற்பாடு வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் உண்டு. எந்தப் படகு போகிறது என்பது துறைமுகத்தில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும். நாளைக்கும் அதே முகத்தில் விழிக்க வேண்டும். பலகையில் எழுதி ஆடிய இரண்டாவது ஆட்டம் இதுதான்.

அப்படியானால் இரு நாட்டுக்கு இடையே ஏன் முடியவில்லை? 2016 நவம்பரில் டெல்லியில் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகளும் பேசினார்கள். இழுவைமடியைக் கைவிட மூன்றாண்டு அவகாசம் வேண்டும் என்று நம் தரப்பு கேட்டது. உடனே நிறுத்த வேண்டும் என்றது அவர்கள் தரப்பு. இதை வீம்பு என்று தள்ளிவிடலாம். ஜேம்ஸ் ஃபியரான் என்ற அறிஞர் 1995இல் வேறு விளக்கம் தந்தார். சண்டை இரு பக்கத்துக்கும் நட்டம்தான், சமரசம் இரு பக்கத்துக்கும் லாபம்தான். ஆனாலும் மூன்றாண்டு கழித்துச் சொன்னபடி நடப்பீர்கள் என்பதற்கு என்ன உறுதி என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடும். அந்த உறுதியை யாராலும் கையில் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. 2017இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாக் விரிகுடாவின் 2000 விசைப்படகுகளுக்குப் பதிலாக மூன்றாண்டில் ஆழ்கடல் சூரைமீன் படகுகள் தருவது நோக்கம். அந்த இலக்கில் சிறு பகுதிதான் நிறைவேறியது. காலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகியவருக்கு, கடனை ஏற்றுக்கொண்டு நாள்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பது வேறொரு கணக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தியா, இலங்கை என்று ஆளுக்கு ஒரு மூளை இருப்பதுபோல் நாம் பேசுகிறோம். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை ஆராய்ந்து கிரஹாம் அலிசன் 1971இல் ஒரு நூல் எழுதினார். நாடு என்பது ஒற்றை ஆள் இல்லை, துறைகளின் பழக்கமும் தலைவர்களின் இழுபறியும் சேர்ந்துதான் முடிவு பிறக்கிறது என்று காட்டினார். 1988இல் ராபர்ட் புட்னம், பேச்சுக்கு வரும் ஒவ்வொரு தலைவரும் இரண்டு மேசையில் ஆடுகிறார் என்றார். எதிரே வெளிநாடு, முதுகுக்குப் பின்னால் சொந்த ஊர். டெல்லிக்குப் பின்னால் சென்னை, சென்னைக்குப் பின்னால் இராமேசுவரம். கொழும்புக்குப் பின்னால் யாழ்ப்பாணம். இதையும் விளையாடிப் பார்த்தேன். கிண்ணத்தின் முன் உட்கார்ந்த ஒவ்வொருவர் பின்னாலும் ஐந்து பேரை நிறுத்தினேன். தனியாக ஆடியபோது 2 எழுதிய பையன், நண்பர்கள் சத்தம் போட்டதும் 5 எழுதினான். ஏன் என்று கேட்டேன். "2 எழுதினா இவனுங்க என்னைச் சும்மா விடுவானுங்களா சார்?" என்றான். புட்னத்தை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

இந்தக் கோட்பாட்டுக்கு எல்லை உண்டு, அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். ஒருவருக்கு எது வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது என்று அது விளக்காது. மானம் போனது என்று ஒரு வருடத் தண்ணீரையே இழக்கத் துணிந்த ஊர்களை நமக்குத் தெரியும். இன்னொரு குறை இதைவிடப் பெரியது. தெரிவு என்று சொல்லும்போது தெரிந்தெடுக்க வழி இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். படகின் உரிமையாளருக்கு நாலைந்து வழி இருக்கலாம். கூலிக்குப் போகும் அந்தத் தாய்மாமாவுக்கு இரண்டே வழி, ஏறுவது அல்லது சும்மா திரும்புவது. சிறைக்குப் போவது அவர், கணக்குப் போடுவது வேறொருவர். யாருடைய தெரிவு, யாருடைய இழப்பு என்று பிரித்துக் கேட்காவிட்டால் இந்தக் கோட்பாடும் பாதி உண்மைதான் சொல்லும்.

நிறைவாக மூன்று கேள்விகளைத் தருகிறேன். எந்த நாட்டுப் பிரச்சினை பாடத்தில் வந்தாலும் கேட்கலாம். அவர் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய், ஏன்? அவர் உன்னைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? இரண்டு பேர் பதிலும் மாற வேண்டுமானால் எந்த விதியை மாற்ற வேண்டும்? முதல் கேள்வியோடு நிறுத்தினால் நம் பக்கத்துக்கு வக்காலத்து வாங்குவதோடு முடிந்துவிடும். இரண்டாவதைக் கேட்கும்போதுதான் வகுப்பு அமைதியாகும். மூன்றாவதில்தான் பிள்ளைகள் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

அந்த மாணவனின் விடைத்தாளை மறுநாள் திரும்ப வாங்கினேன். ஒன்றை அடித்துவிட்டு நான்கு போட்டேன். ஏன் ஐந்து இல்லை என்று கேட்டான். "எதிர்க்கரையில் இருப்பவர் ஏன் பிடிக்கிறார் என்று எழுதியிருந்தால் ஐந்து" என்றேன். தாளை வாங்கிக்கொண்டு இடத்துக்குப் போனவன், அன்றைக்கு மாலை இன்னும் மூன்று வரி எழுதிக்கொண்டு வந்தான். அந்த மூன்று வரியில் மறு கரையின் அறுந்த வலை இருந்தது.